எரிந்தால் இழு

ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற வெள்ளைத் துணிப் பட்டைதான். ஒரு முழ நீளம் இருக்கும். ஒரு நுனியில் சின்ன வளையமாக முடிச்சுப் போட்டிருந்தது. அந்த வளையம் என் வலது கையின் மடங்கிப்போன விரல்களுக்குள் இருந்தது. மறு நுனி மயக்க டாக்டரம்மாவின் இடது மணிக்கட்டில் சுற்றியிருந்தது. "எரிஞ்சா இழு. நான் நிறுத்திருதேன்" என்றார் அவர். எனக்கு அப்போது எட்டு வயது. கையில் ஊசியை வைத்துக்கொண்டு பெரியவர்கள் சொல்லும் எதையும் நம்பக் கூடாது என்பது அதற்குள் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்தப் பட்டையை இன்னும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது அன்றைக்கே குப்பை வாளிக்குப் போயிருக்கும். போன மாதம் என் மகளுக்கு டான்சில் ஆபரேஷன் நடந்தது. அவள் தேறிவிட்டாள். இதை எழுதும்போதுகூடப் பக்கத்து அறையில் ஐஸ்கிரீம் டப்பாவுக்காகத் தன் அப்பாவிடம் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். நான்தான் இன்னும் தேறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தருவைகுளம். அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, கிறிஸ்துமஸுக்கு அம்மா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு ஓடிவந்து வழுக்கினேன். விழாமலிருக்க வலது கையை ஊன்றினேன். ஊன்றிய இடம் எண்ணெய்ச் சட்டி. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது. அம்மா இன்றுவரை அந்தப் பலகாரத்தைச் செய்ததில்லை. புண் ஆறியது. ஆறுகிற சாக்கில் உள்ளங்கைத் தோல் சுருங்கி, விரல்களை உள்ளே இழுத்துப் பூட்டிவிட்டது. பென்சில் பிடிக்க முடியாது, சோறு பிசைய முடியாது. ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர், சுருங்கிய தோலை வெட்டி விரித்துத் தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும் என்றார். ஒரே தடவையில் ஆகாது, பிள்ளை வளர வளரச் செய்ய வேண்டும், விட்டுவிட்டால் எலும்பும் கோணிக்கொண்டே வளரும், அப்புறம் அந்தக் கையால் ஒரு பிரயோஜனமும் இருக்காது என்றும் சொன்னார். வலது கை வெந்துபோனதால் ஊசி குத்த மிச்சமிருந்தது இடது கை மட்டும். யாராவது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்தால் போதும், அந்த இடது கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொள்வேன். மாதா கோயில் சாமியாரின் வெள்ளை அங்கிக்குக்கூட ஒளித்திருக்கிறேன்.

மயக்க டாக்டரம்மாவை முதலில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவே இல்லை. பருத்த உடம்பு, சங்கிலி கோத்த மூக்குக் கண்ணாடி, வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. தாமிரபரணிக் கரையில் ஏதோ நெல் விளைகிற ஊரில் பிறந்து, வேலைக்காக மில்லர்புரத்தில் வீடெடுத்துக் குடியிருந்தவர். கடல் என்றால் அவருக்குப் பயம், இத்தனை வருஷத்தில் அலையில் கால் நனைத்ததில்லை என்று சிஸ்டர்கள் கேலி பேசுவார்கள். சிரித்த முகம் என்று சொல்ல முடியாது. வேலை சட்டுப்புட்டென்று நடக்க வேண்டும் அவருக்கு. முதல் ஆபரேஷன் அன்று புறங்கையில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, பால் போல வெள்ளை வெளேரென்று இருந்த ஒரு மருந்தைக் காட்டி, "பால்தான் பிள்ளே. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், தூங்கிருவே" என்றார். எறும்பாவது கட்டெறும்பாவது! புறங்கையில் பற்றிய தீ முழங்கை வரைக்கும் ஏறியது. எண்ணெய்ச் சட்டி திரும்ப வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கையை உதறினேன். இரண்டு சிஸ்டர்கள் அமுக்கிப் பிடித்தார்கள், ஒருவர் என் காலின் மேல் ஏறக்குறைய உட்கார்ந்தே விட்டார். அலறிக்கொண்டே தூங்கிப்போனேன்.

அந்த மருந்து நரம்பின் உள்சுவரைக் கடிக்கும் என்பதைப் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வளர்ந்த ஆண்பிள்ளைகளே 'ஆ' என்று கையை இழுப்பார்களாம். சின்னப் பிள்ளைகளின் புறங்கை நரம்பு நூல்போல இருக்கும், அதில் போனால் கேட்கவே வேண்டாம். ஆனால் எரிய ஆரம்பித்த சற்று நேரத்தில் தூக்கம் வந்துவிடுகிறது. எழுந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நினைவிருக்காது என்று ஒரு எண்ணம். கொஞ்ச நேர எரிச்சல்தானே, அதற்குப் போய் என்ன மெனக்கெடுவது என்று விட்டுவிடுவார்கள். எனக்கு நினைவிருந்தது. அய்யோ, எப்படி நினைவிருந்தது! வேம்பாரிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊரில் நின்று என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும். உப்பளங்கள் முடிந்து டவுனின் முதல் கடைகள் கண்ணில் பட்டதும் என் இடது கை தானாகவே பாவாடைக்குள் போய்விடும். வெறும் கட்டுப் பிரிக்கத்தான் போகிறோம் என்று அம்மா ஜெபமாலையைத் தொட்டுச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டேன். வீட்டில் பால் குடிப்பதை நிறுத்தினேன். டம்ளரில் அந்த வெள்ளையைப் பார்த்தாலே இடது கை எரிந்தது.

இரண்டாம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது அப்பா எனக்கு ஒரு வைத்தியம் சொன்னார். எங்கள் வீட்டில் எல்லா வலிக்கும் அது ஒன்றுதான். முள் குத்தினாலும் பல் வலித்தாலும் காலில் சிப்பி கிழித்தாலும், "மூச்சப் பிடி ஏளா. மூச்சு நின்னா வலி தெரியாது" என்பார். தோணியிலிருந்து காற்று விடும் குழாய் வருவதற்கு முன்பே மூச்சடக்கிக் குளித்துப் பழகியவர் அவர். கடலுக்கு அடியில் திருக்கை முள் ஏறியபோதுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பிடுங்கிப் போட்டேன் என்று பெருமையாகச் சொல்வார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மூச்சடக்குவது ஒரு விளையாட்டு. அண்டாத் தண்ணீரில் முகத்தை முக்கி யார் கடைசியில் தலை தூக்குகிறார்கள் என்று பார்ப்போம். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். கை மடங்கிப்போன பிள்ளைக்கு ஜெயிக்க அது ஒன்றாவது இருந்ததே என்று அப்பாவுக்குச் சந்தோஷம். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையிலும் அதையே சொல்லி அனுப்பினார்.

மேஜையில் படுக்க வைத்தார்கள். தலைக்கு மேல் விளக்கு. டாக்டரம்மா மூக்கில் மாஸ்க்கை வைத்து நல்லா மூச்சு இழுத்து விடச் சொன்னார். புறங்கைப் பக்கம் அந்த வெள்ளை வருவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். பார்த்த உடனேயே வாயை இறுக மூடி மூச்சை அடக்கினேன். தீ ஏறியது. நான் விடவில்லை. அண்டாவுக்குள் கிடப்பதுபோலக் கிடந்தேன். டாக்டரம்மா, "மூச்சு விடு, மூச்சு விடு பிள்ளே" என்று சொல்வது எங்கோ தூரத்தில் கேட்டது. இந்த ஆட்டத்தில் அப்படித்தான் தோற்கடிக்கப் பார்ப்பார்கள், அதெல்லாம் எனக்குப் புதிதா என்ன. அப்படியே நினைவு போய்விட்டது.

கண் விழித்தபோது டாக்டரம்மா என் கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அப்படி அவர் வார்டுக்கு வந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கையில் டீ டம்ளர். டீ புடவையில் சிந்தியிருந்தது, அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கண்ணைத் திறந்ததும் ஏன் மூச்சை அடக்கினாய் என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். அதற்குள் கடலிலிருந்து நேராக ஓடிவந்திருந்த அப்பா, நான்தான் கற்றுக்கொடுத்தேன், என் மகள் ஊரிலேயே கெட்டிக்காரி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டரம்மா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் பேசியதை அப்பா பலமுறை எனக்குத் திரும்பச் சொல்லியிருக்கிறார், அதனால் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"அண்ணாச்சி, நீங்க மூச்சப் பிடிச்சா, மேல வரணும்னு உங்க நெனப்பு சொல்லும். நான் இவ நெனப்ப எடுத்துருதேன். பிடிச்ச மூச்சோட நெனப்பும் போயிட்டா, மூச்சு விடுளான்னு இவளுக்கு யாரு சொல்லுவா? நாந்தான் காத்த அடிச்சு ஏத்தணும். அது உள்ள போக மாட்டேங்குது. பிள்ள உதடு நீலமாயிட்டு. எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு."

அப்பாவின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கடலில் உதடு நீலமாகி மேலே வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவர்களைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். என் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மாதாவைக் கூப்பிட்டு அழுதாள். எனக்கு எதற்காக அழுகிறார்கள் என்று முழுசாகப் புரியவில்லை, ஆனால் அப்பா பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவரை என் பயத்துக்கு ஒரு சுவர் இருந்தது, அவர் முதுகுதான் அந்தச் சுவர். அன்றைக்கு அதுவும் இல்லையென்று ஆகிவிட்டது.

அடுத்த ஆபரேஷனுக்குக் கூப்பிட்டபோது அப்பா வேண்டாம் என்றுவிட்டார். கை மடங்கியே இருக்கட்டும், பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்றார். பாதி விரிந்த கை மறுபடி சுருங்கத் தொடங்கியிருந்தது, இந்த வருஷம் விட்டால் அப்புறம் என் கையில் இல்லை என்று பெரிய டாக்டர் சத்தம் போட்டார். அப்பா அசையவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தவரை டாக்டரம்மாதான் பின்னாலேயே வந்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது அவருக்கு. சமாதானம் சொல்லவில்லை, பயப்படாதீர்கள் என்றும் சொல்லவில்லை. நீங்கள் கடலுக்குள் இறங்கும்போது மேலே யார் இருப்பார்கள் என்று கேட்டார். என்னடா இது, சம்பந்தமில்லாமல் கேட்கிறாரே என்று அப்பா முழித்தார். பிறகு சொன்னார். அம்மாவின் தம்பி, என் மாமா, தோணியில் இருப்பார். அப்பா காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவார், இடுப்பில் ஒரு கயிறு. மாமா அவ்வப்போது மேலேயிருந்து கயிற்றை ஒரு தரம் சுண்டுவார், நான் இருக்கேன் என்று அர்த்தம். அப்பா கீழேயிருந்து ஒரு தரம் சுண்டினால் எல்லாம் சரி. பலமாக இழுத்தால், காரணம் கேட்காமல் தூக்கிவிட வேண்டும். நூறு சங்கு கண்ணில் பட்டாலும் சரி, ஒன்றும் அகப்படாமல் இருந்தாலும் சரி, இழுத்தால் தூக்கித்தான் ஆக வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எந்தக் குளியாளும் தண்ணீரில் கால் வைக்க மாட்டான்.

அப்படியானால் இவள் கையிலும் ஒரு கயிறு கொடுப்போம் என்றார் டாக்டரம்மா. எரியாமல் இருக்க என்னென்ன செய்ய முடியுமோ எல்லாம் செய்கிறேன், அதையும் மீறி எரிந்தால் இவள் இழுக்கட்டும் என்றார். அப்பா உடனே தலையாட்டிவிடவில்லை.

"இழுத்தா நிறுத்துவீங்களா டாக்டரம்மா? பிள்ளைக்குச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லக் கூடாது."

அவர் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். என் மடங்கிய விரல்களையே பார்த்துக்கொண்டு யோசித்தார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் முதன்முதலாக ஒரு சின்ன நம்பிக்கை வந்தது, ஏனென்றால் பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு யோசிக்க மாட்டார்கள். பிறகு, "நிறுத்துவேன்" என்றார்.

குறித்த நாளில் போனோம். அன்று எல்லாமே வேறு மாதிரி நடந்தது. போனதும் முழங்கை மடிப்பில் ஒரு களிம்பைத் தடவி, கண்ணாடிபோன்ற பிளாஸ்திரியால் மூடி, ரொம்ப நேரம் அப்படியே உட்கார வைத்தார்கள். புறங்கையை விட்டுவிட்டு, நரம்பு தடிமனாக ஓடுகிற அந்த மடிப்பில்தான் டாக்டரம்மா ஊசியைக் குத்தினார். தோல் மரத்திருந்ததால் யாரோ தொடுவதுபோலத்தான் இருந்தது. பிறகு துணிப் பட்டையைக் கட்டினார். தன் மணிக்கட்டில் ஒரு நுனி, என் கொக்கி விரல்களில் ஒரு நுனி. விரிக்க முடியாத அந்த விரல்கள் வளையத்தை நன்றாகவே பிடித்துக்கொண்டன. என் மேல்கையில் ஒரு ரப்பர் பட்டையை இறுக்கினார். முதலில் மரத்துப்போகிற மருந்தை மட்டும் கொஞ்சம் ஏற்றி, அது ஓடிவிடாமல் நரம்பிலேயே தங்கட்டும் என்று ஒரு நிமிஷம் வைத்திருப்பேன், அப்புறம்தான் பால் என்று சொல்லிக்கொண்டே செய்தார். மேலேயிருந்து சுண்டுவது போலத் துணியை ஒரு தரம் மெல்லச் சுண்டினார். நான் இழுத்தேன். இன்னும் பால் ஏறவில்லை. சும்மா இழுத்துப் பார்த்தேன். அவர் கை நின்றது. எரியுதா என்று கேட்டார், இல்லை என்று தலையாட்டினேன். பயமா என்றார். ஆமாம் என்றேன். அதுக்கும் இழுக்கலாம் என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இழுத்தேன், மறுபடி நின்றது. அதற்குள் பெரிய டாக்டர் கை கழுவிவிட்டு உள்ளே வந்துவிட்டார். என்ன மேடம் விளையாட்டு, அடுத்த கேஸ் காத்துக்கிடக்கிறது, சிஸ்டரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஏற்றுங்கள் என்றார். இரண்டு சிஸ்டர்கள் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவ்வளவுதான், பழைய கதை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். பால் ஊசி கிட்டே வந்தது. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன். டாக்டரம்மாவின் இடது கையே மேஜைப் பக்கம் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். அதைத் தட்டில் வைத்தார். ரப்பர் பட்டையைத் தளர்த்தினார், என் கையிலிருந்த ஊசியையும் எடுத்துப் பஞ்சு வைத்து அமுக்கினார். இன்றைக்கு வேண்டாம் என்றார். பெரிய டாக்டர் என்ன பேசினார் என்பதை எழுத வேண்டாம், அவரும் நல்ல மனுஷர்தான். டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான்.

"பிள்ள இழுத்துட்டா சார்."

வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார். கட்டில்லாமல் வந்த கையைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ ஏதோ என்று முகம் வெளுத்துவிட்டது. நிறுத்திட்டாங்கப்பா, நான் இழுத்தேன், நிறுத்திட்டாங்க என்றேன். காலையிலிருந்து பட்டினியாய் இருந்தவளுக்குப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் பொரிச்ச பரோட்டா வாங்கிக் கொடுத்தார். இடது கையால் பிய்த்துத் தின்றேன், அவர் தின்னவில்லை. ஊருக்குப் போகிற பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆபரேஷன் நடக்கவில்லையே என்று அழுகிறார் என நினைத்து, அடுத்த தடவை இழுக்க மாட்டேன்ப்பா என்றேன். அவர் துண்டை எடுத்துவிட்டு, "இழுக்கணும்ளா, எரிஞ்சா கண்டிப்பா இழுக்கணும்" என்றார். கரைக்குப் போனதும் மாமாவிடம், வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம், ஐஸ் வண்டிக்காரரிடம்கூட, அந்தம்மா கயிறு பிடிக்கத் தெரிஞ்ச பொம்பள என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அந்த வாரம் முழுக்க அப்பா எனக்கு வேறொரு மூச்சு பழக்கினார். குளியாள் மேலே வந்து தலையைத் தூக்கியதும் 'பூ'வென்று ஊதி விடுவானே, அந்த மூச்சு. பிடிக்கிறதெல்லாம் கடலோடு, மேஜையில் படுத்தால் நீ மேலே வந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள் என்றார். சாயங்காலம் இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து ஊதுவோம். பார்த்தவர்கள் அப்பனுக்கும் மகளுக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள்.

மறுபடி போனபோதும் எனக்குப் பயம்தான். அதில் ஒரு துளியும் குறையவில்லை. நம்பிக்கை வந்தால் பயம் போய்விடும் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள், எனக்கு இரண்டும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடந்தன. பல் கிட்டித்தது. ஆனால் இந்தத் தடவை யாரும் என்னைப் பிடிக்கவில்லை. களிம்பு, முழங்கை மடிப்பு, ரப்பர் பட்டை, மரத்துப்போகிற மருந்து, எல்லாம் வரிசையாக வந்தன. டாக்டரம்மா ஒரு தரம் சுண்டினார். நானும் ஒரு தரம் சுண்டினேன். ஊதினேன். பாலோடு மரத்துப்போகிற மருந்தையும் கொஞ்சம் கலந்திருக்கிறேன், மெதுவாகத்தான் ஏற்றுவேன் என்றார். முழங்கைக்கு மேலே ஏதோ குளிர்ச்சியாக நகர்ந்தது, லேசாக ஒரு சுருக்கென்ற உணர்வு. இதற்கு இழுக்கலாமா, இது எரிச்சலில் சேருமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். கண் திறந்தால் வார்டு, வலது கையில் பெரிய கட்டு, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன என் விரல்கள். நேராக.

அதன் பிறகும் சில ஆபரேஷன்கள் நடந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிப் பட்டை இருந்தது. சில தடவை இழுத்திருக்கிறேன், அவர் நிறுத்தாமல் இருந்ததே இல்லை. மற்ற பிள்ளைகளுக்கும் அவர் புறங்கையை விட்டுவிட்டு, நேரம் பிடித்தாலும் களிம்பு தடவிக் காக்க வைத்தார் என்றும், வெளியே ஆட்கள் முணுமுணுத்தார்கள் என்றும் சிஸ்டர்கள் சொல்லக் கேட்டேன். இந்தக் கையால்தான் பரீட்சைகள் எழுதினேன், துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இந்தக் கையால்தான் சம்பாதிக்கிறேன். சுண்டுவிரல் மட்டும் இன்னும் கொஞ்சம் மடங்கியிருக்கும்.

கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க மில்லர்புரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஆற்றங்கரை ஊருக்கே போய்விடச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். என் வலது கையை வாங்கி விரித்து, மடக்கி, மறுபடி விரித்துப் பார்த்தார். பேச்சு பழைய நாட்களுக்குப் போனது. உங்களை ரொம்பப் படுத்திவிட்டேன், சும்மா சும்மா இழுத்தேன் என்றேன். இழுத்ததெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை என்றார் அவர்.

"நீ இழுக்கும்போது எனக்குப் பயம் இல்ல பிள்ளே. உயிரோட கெடக்கேன்னு சொல்லுதல்லா. நீ தூங்கினதும் துணி தொஞ்சு என் கைல தொங்கும் பாரு, அப்பத்தான் எனக்குப் பயம். எல்லாப் பிள்ளைக்கும் அப்பிடித்தான்."

ஏதோ பெரியவர்கள் பேச்சு என்று தலையாட்டிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்க வாய்க்கவில்லை.

போன மாதம்தான் அது புரிந்தது. மகளுக்கு ஐந்து வயது. தொண்டைக்குள் டான்சில் வீங்கி, படுத்தால் குறட்டையும் மூச்சுத் திணறலுமாய்க் கிடந்தாள், எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். அன்று காலை பஸ்ஸில்கூடப் போகவில்லை, காரில்தான் போனோம். ஆனாலும் வழியில் என் இடது கை எரிந்தது. இத்தனை வயதுக்கு மேல் இதென்ன கூத்து என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வேறு, மயக்க டாக்டரும் வேறு, மீசை இப்போதுதான் அடர்ந்திருக்கிற ஒரு பையன். அவனைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு உயிரை வாங்கினேன். களிம்பு தடவுவீர்களா, புறங்கையிலா முழங்கையிலா, பாலுக்கு முன்னால் மரத்துப்போகிற மருந்து உண்டா. எல்லாம் உண்டு மேடம், இப்போதெல்லாம் இதுதான் வழக்கம் என்றான் பொறுமையாக. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூச்சடக்கும் என்று எச்சரித்தேன். அவன் சிரித்து, ஊதச் சொல்கிறேன் என்றான். கடைசியில் ஒரு முழம் துணிப் பட்டை கேட்டேன். எதற்கு என்றான். சொன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, பட்டையைக் கத்தரித்துக் கொடுத்தான். பிள்ளை தூங்குகிற வரைக்கும் தாய் உள்ளே நிற்க அங்கே விடுகிறார்கள். அவன் இரண்டு கைக்கும் வேலை இருந்ததால் மறு நுனியை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். "எரிஞ்சா இழு. அம்மா நிறுத்தச் சொல்லிருதேன்" என்றேன். அவள் தலையாட்டினாள். நான் ஒரு தரம் சுண்டினேன். அவளும் ஒரு தரம் சுண்டினாள். தாத்தா பழக்கியிருந்தபடி 'பூ'வென்று ஊதினாள்.

வெள்ளை மருந்து ஏறியது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுளிக்கவில்லை. இழுக்கவில்லை. கண் செருகியது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, வளையம் நழுவியது, துணி என் மணிக்கட்டிலிருந்து தொங்கியது. எரியவில்லை, நல்லபடியாகத் தூங்கிவிட்டாள், இதற்காகத்தானே இவ்வளவும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இழு, இழு, ஒரே ஒரு தரம் இழு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தப் பெரிய உடம்புக்கார டாக்டரம்மா, அலையில் கால் வைக்கப் பயந்தவர், எத்தனை பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் நின்றிருப்பார்! அம்மா, வெளியே இருங்க என்று சிஸ்டர் சொன்னார். நான் நகரவில்லை போல. தோளைத் தொட்டு அழைத்து வந்து விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வராந்தாவில் அப்பா உட்கார்ந்திருந்தார். கடலுக்கடியில் இருந்த வருஷங்களெல்லாம் சேர்ந்து அவர் காதைத் தின்றுவிட்டன. கத்தினால்தான் கேட்கும், அந்த வராந்தாவில் கத்த முடியாது. அவர் என் மணிக்கட்டில் தொங்கிய துணியைப் பார்த்தார். இழுத்தாளா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் குனிந்து, தரையில் புரண்டுகொண்டிருந்த மறு நுனியை எடுத்து, அந்தச் சின்ன வளையத்துக்குள் தன் தடித்த விரலை நுழைத்துக்கொண்டார். கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது திறக்கிற வழியாகத் தெரியவில்லை. எனக்கு எரிந்தது. இழுத்தேன்.

அப்பா கதவிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு தரம் சுண்டினார்.